உங்களுக்குத் தெரியுமா? அர்டுயினோவும் தவறும் நேரமும்

கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? அதை 15 முறை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக 1 வரும். நொடிமுள் நகர அந்த ஒன்று போதும்.

*

அர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் பளபளவென்று ஒரு படிகம் தெரியும். நம் புரோகிராம் அதை நம்பித்தான் ஓடுகிறது என்று நினைத்துவிடுவோம். அது யுஎஸ்பி சிப்புக்கானது. நம் புரோகிராம் ஓடும் சிப்புக்கு வாய்த்திருப்பது ஒரு பொடி செராமிக் ரெசொனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். அரைதானே என்று விட்டுவிடாதீர்கள், நாளொன்றுக்கு 7 நிமிடம் 12 நொடி!

*

ஆகவே, கடிகாரம் செய்பவர்களுக்கு நேரம் காக்கும் தனி ஆர்டிசி சிப் வேண்டும். அவற்றில் டிஎஸ்1307 வெளியே இருக்கும் படிகத்தை நம்பி ஓடுவது. 25 டிகிரியில் சரியாக ஓடும் அந்தப் படிகம் 45 டிகிரி வெயிலில் நாளுக்கு ஒரு நொடிக்கு மேல் பின்தங்கும். குளிரிலும் பின்தங்கத்தான் செய்யும், முந்தாது. டிஎஸ்3231 படிகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெப்பத்தை அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரிக்குள் ஆண்டுக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் பிழை. காசு கொஞ்சம் கூடினாலும் இதையே வாங்குங்கள்.

ஆனால் இந்தச் சிப்போடு மலிவாகக் கிடைக்கும் இசட்எஸ்-042 மாடூலில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் உண்டு. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி. 5 வோல்ட்டில் ஓட்டினால் அது கெட்டுப்போகும், உப்பவும் கூடும். சார்ஜ் பாதையில் உள்ள டயோடை சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டால் கவலையில்லை.

*

கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய நேரத்துக்கே திரும்புகிறதா? பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் செட்டப் பகுதியைப் பாருங்கள். நேரம் வைக்கும் வரி அங்கே அப்படியே கிடக்கும். கம்பைல் செய்த நேரம் அதில் உறைந்திருக்கிறது. போர்டு விழிக்கும்போதெல்லாம் அதையே சிப்பில் எழுதுகிறது. நேற்று மாலை 6.10-க்குக் கம்பைல் செய்து ஏற்றியிருந்தால், இன்று காலை 9 மணிக்குக் கரண்ட் வந்ததும் மறுபடி நேற்று மாலை 6.10! ஒருமுறை நேரம் வைத்ததும் அந்த வரியைக் கமெண்ட் ஆக்கி, புரோகிராமை மீண்டும் ஏற்றுங்கள்.

*

ஊனோவில் 60-ஐ 1000-ஆல் பெருக்கினால் விடை -5536. இன்ட் அங்கே 16 பிட், 32,767-க்கு மேல் தாங்காது. 60-க்குப் பின்னால் யுஎல் சேர்த்தால் 60,000 கிடைக்கும்.

*

போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிநொடிகளை எண்ணும் மில்லிஸ் எண்ணிக்கை 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி, பூஜ்யத்துக்குத் திரும்பும். விண்டோஸ் 95 கம்ப்யூட்டர்களைத் தொங்கவிட்டதும் இதே 49.7 நாள் கணக்குதான். இப்போதைய எண்ணிலிருந்து பழையதைக் கழித்து ஒப்பிட்டால் தொல்லையே இல்லை. கூட்டி ஒப்பிடுவதுதான் மாட்டிவிடும்.

*

புரோகிராம் ஏறாமல் ‘நாட் இன் சிங்க்’ என்று வருகிறதா? ஊனோவின் 0, 1 பின்களில் ப்ளூடூத் மாடூல் ஏதாவது செருகியிருந்தால் கழற்றுங்கள். யுஎஸ்பி வழி வரும் புரோகிராமுக்கும் அதே பாதைதான். போர்ட்டே தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பி இருக்காது.

*

ஈஎஸ்பி32 போர்டு வைஃபை வழியாக இணையத்திலிருந்தே நேரம் வாங்கும். வருவது உலகப் பொது நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நொடிக் கணக்கில் 19,800.