நெஞ்சறையின் சிறுநாளங்களும் படத்தில் அவற்றின் நிழலும்

இதயத்தையும் பெருங்குழாய்களையும் விரித்துரைக்கும் நூல்கள் நெஞ்சறையின் சிறுநாளங்களை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவதுண்டு. ஆயின் எக்ஸ்கதிர்ப் படத்தில் நோயெனப் பிழைபட உணரப்படும் நிழல்களுள் இவற்றின் நிழலும் ஒன்றாகும். இவற்றின் அமைப்பையும் தோற்றத்தையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முள்ளந்தண்டின் வலப்புறத்தே மேல்நோக்கிச் செல்வது அசைகசு நாளம். கிரேக்க மொழியில் இச்சொல் 'இணையற்றது' எனப் பொருள்படும். எனவே இதனை இணையிலி நாளம் எனலாம். விலா இடைவெளிகளின் குருதியை ஏற்று, நான்காம் நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்தில் வல நுரையீரல் வேரின் மேலாக முன்னோக்கி வளைந்து மேற்பெருநாளத்தை இது அடைகின்றது. இடப்புறத்தின் கீழ், நடு விலா இடைவெளிகளின் நாளங்கள் பொதுவாக எட்டாம் முள்ளெலும்பை அண்டிக் குறுக்காகச் சென்று இதனோடு சேரும். இடது மேல் விலாவிடை நாளமோ பெருநாடி வில்லின் பக்கமாகச் சென்று கழுத்தடியின் இடப் பெருநாளத்திற் கலக்கும்.

நின்ற நிலையில் எடுத்த படத்தில், மூச்சுக்குழாயும் வல மூச்சுக்கிளையும் கூடும் கோணத்தில் இணையிலியின் வளைவு சிறு நீள்வட்ட நிழலாகத் தோன்றும். அதன் அகலம் வழக்கமாக 10 மில்லிமீற்றருக்கு மேற்படாது. படுத்த நிலையில் அது பெருக்கும். இதயச் செயலிழப்பிலும் மேற்பெருநாள அடைப்பிலும் அது விரிவடையலாம். இடப்புறத்தே மேல் விலாவிடை நாளம் சிலரிடம் பெருநாடி நிழலின் ஓரத்தில் முலைக்காம்பு போன்ற சிறு புடைப்பாகத் தெரியும். இதனை நிணநீர்க் கணுவின் வீக்கமென மயங்குதல் கூடும். சீ.ரி. படத்தின் அடுத்தடுத்த தளங்களைப் பின்தொடரின் ஐயம் நீங்கும்: கணு ஓரிடத்தில் முடிந்துவிடும், நாளம் தொடர்ந்து சென்று மற்றொரு நாளத்திற் சேரும்.

நற்பிட்டிமுனை வயல்களிற் பெருவாய்க்கால் அடைபட்டால் நீர் கிளைவாய்க்கால்களில் வழிதேடும். மேற்பெருநாளம் அடைபடும்போதும் இதுவே நிகழ்கின்றது. இணையிலியில் குருதி எதிர்த்திசையிற் பாய்ந்து கீழ்ப்பெருநாளத்தை நாடுகின்றது. சிறியவை எனப் புறக்கணிக்கப்பட்டவையே அப்போது உயிரைத் தாங்குகின்றன.

இவ்விடத்து மொழிப் பிரச்சினையும் எழுகின்றது. ஈழத்துப் பாடநூல்கள் நாடி, நாளம் என்பனவற்றைத் தமிழகத்தார் தமனி, சிரை என்பர். மக்கள் வழக்கிலோ நாளமும் 'நரம்பு'தான். படத்தின் அறிக்கை ஆங்கிலத்தில் வருகின்றது. புடைப்பு இயல்பானதென அதில் எழுதப்பட்டிருப்பினும், அதனைக் கையில் வைத்திருக்கும் விவசாயிக்கும் நெசவாளிக்கும் அச்சமே எஞ்சுகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவரது 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. அவரது சமய நோக்கம் எதுவாயினும், உடலியல் அறிவைத் தமிழிற் சொல்ல இயலும் என்பதை அம்முயற்சி நிறுவிற்று. எனவே இன்றைய குறைபாட்டுக்கு மொழியின் வறுமை காரணமன்று. அறிவு யாருடைய உடைமை என்ற சமூக ஏற்பாடே அதன் காரணமாகும். படத்தில் உள்ளது தன் உடலே என்பதனால், அதன் பொருளைத் தன் மொழியில் அறிதல் நோயாளியின் உரிமையாகும்.