கடலோரக் கணக்கு – 9: மண்டபம் கேம்ப்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலில், உச்சிப்புளி தாண்டினால் ஒரு சின்ன ஸ்டேஷன். பலகையில் 'மண்டபம் கேம்ப்' என்றிருக்கும். முகாமே ஊர்ப்பெயராகிவிட்ட இடம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை இங்கே நிறுத்தி, நோய் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

போன வாரம் அமெரிக்க லத்தீனோ மக்களைப் பார்த்தோம். அவர்களில் பாதிக்கு மேல் கலிபோர்னியா, டெக்சாஸ், புளோரிடாவில் இருக்கிறார்கள். 18 வயது நிரம்பியவர் எத்தனை பேர், அதில் குடியுரிமை உள்ளவர் எத்தனை பேர் என்று அங்கே தனித்தனிக் கணக்கு உண்டு. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நம் கரையிலும் இருக்கிறார்கள்.

1947 இலங்கைத் தேர்தலில், அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் வந்த சட்டங்கள் அந்த மக்களின் குடியுரிமையையும் ஓட்டையும் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். மனிதர்களைத் தேங்காய் போலப் பங்கு போட்ட அந்தக் கணக்கை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனாலும் இந்திய பாஸ்போர்ட்டோடு ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் இந்த முகாம் வழியாகத்தான் ஊர் ஊராகப் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களின் ஓட்டைக் கேட்டு இன்று எல்லாக் கட்சிக்காரர்களும் மலையேறுகிறார்கள்.

1983-க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பி அதே கரைக்கு அகதிகளாக வந்த தமிழர்களின் கதை வேறு. தனுஷ்கோடி மணல் திட்டில் படகிலிருந்து இறக்கிவிடப்பட்டு, கைக்குழந்தையோடு விடியும்வரை நின்றவர்கள் அவர்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதல்வர் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். மண்டபத்தில் இறங்கி மாநிலம் முழுக்கச் சிதறிய இவர்களில் ஏறக்குறைய யாருக்கும் ஓட்டு இல்லை.

ஆனால் குடியுரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன்தான். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி வழக்குப் போட்டார். 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு பாஸ்போர்ட் தரச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38. அதே முகாமில் 1988-இல் பிறந்த ஒரு தம்பிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முகாம்வாசிகளையும் எண்ணுகிறார்கள். தொகுதிகளைப் பிரிப்பது அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான். தொகுதியை நிரப்ப வேண்டப்படுகிறவர்கள், வாக்காளர் பட்டியலில் மட்டும் இல்லை.

இவர்களின் வயது அரசுக்குத் தெரியாததல்ல. மாதாமாதம் தரும் பணக்கொடையே வயது பார்த்துத்தான்: 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, சிறுவருக்கு 500. முகாம் பதிவேட்டைப் புரட்டினால், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார் யாரென்று சில நாட்களில் எடுத்துவிடலாம். அவர்கள் ஒவ்வொருவரும் தினக்கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வழக்கு நடத்தப் போக வேண்டுமா?

(தொடரும்)