பரமட்டா: உவர்நீரும் நன்னீரும் கூடும் ஓர் ஊரின் வரலாறு

ஊர்ப்பெயரின் பொருளைக் கண்டவுடன் ஆய்வை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்பெயரை ஆக்கியோர் எவர், மாற்றியோர் எவர், மீட்டோர் எவர் என்று வினவும்போதுதான் ஊரின் வரலாறு புலப்படத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மையத்திற்கு மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பரமட்டா இவ்வகை ஆய்வுக்கு ஏற்ற ஊராகும். கடலேற்றத்தால் உள்நுழையும் உவர்நீர், மேலிருந்து வரும் நன்னீரைச் சந்திக்கும் எல்லையில் இவ்வூர் அமைந்துள்ளது. அந்நீரெல்லை ஊரின் பெயரையும் குடியிருப்பையும் வளர்ச்சியையும் வரையறுத்தவாற்றையும், ஆற்றின் பயன் ஒரு மக்களிடமிருந்து வேறொரு மக்களுக்குக் கைமாறியவாற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் பொருளும்

இந்நிலப்பகுதிக்கு உரிய தொல்குடியினர் தாருக் மொழி பேசிய மக்களுள் ஒரு பிரிவினராகிய பர்ரமட்டகல் ஆவர். ‘கல்’ என்னும் ஈறு ஓர் இடத்துக்குரிய குலத்தாரைக் குறிப்பது. ‘பர்ரமட்டா’ என்பதற்கு விலாங்கு மீன்கள் உறையும் இடம் என்றும், நீரின் தலைப்பகுதி என்றும் இருவகை விளக்கங்கள் வழங்கி வருகின்றன. முன்னதே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது. நில இயல்பும் அதற்கு அரண் செய்கிறது. இவ்வாற்றில் வாழும் நீள்துடுப்பு விலாங்கு நன்னீரில் வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடுவதற்காகப் பவழக் கடல் நோக்கிச் செல்வது. கடலிலிருந்து ஏறிவரும் குஞ்சும் கடலுக்குத் திரும்பும் முதுமீனும் இந்நீரெல்லையைக் கடந்தாக வேண்டும். எனவே இரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒரே நிலவுண்மையின் இரு பக்கங்களாகவும் அவற்றைக் கொள்ளலாம்.

திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலியத் தொல்குடி மொழிகளுக்கும் இடையே சில ஒப்புமைகளைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியுள்ளார். அதனைத் துணைக்கொண்டு ‘மட்டா’ என்பதைத் தமிழ் ‘மட்ட’த்தோடு இணைக்கும் ஆர்வம் எழக்கூடும். அவ்வொப்புமைகளை இன்றைய மொழியியலார் இனவுறவுக்குச் சான்றாக ஏற்பதில்லை. ஒலியொப்புமை ஒன்றையே பற்றி வேர்காணும் முறை நம் ஊர்ப்பெயராய்வுக்கு முன்னரே போதிய கேடு விளைவித்துள்ளது.

ரோஸ் ஹில் பரமட்டா ஆதல்

1788 சனவரியில் சிட்னியில் இறங்கிய ஆங்கிலேயர் கொண்டுவந்த விதைகள் அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் செழிக்கவில்லை. உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்தியது. ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆற்றின் வழியே மேற்சென்று, உவர்நீர் முடியுமிடத்தில் வளமான மண்ணையும் குடிநீரையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் அங்குக் குடியேற்றம் நிறுவப்பட்டது. பிரிட்டானியக் கருவூலத்துறை அலுவலர் ஜார்ஜ் ரோஸ் என்பாரின் பெயரால் அது ரோஸ் ஹில் எனப்பட்டது. 1791 சூனில், அங்கு உருவாகி வந்த நகருக்குத் தொல்குடியினர் வழங்கிய பெயரையே பிலிப் சூட்டினார். அவ்வாண்டு நவம்பர்க் கணக்கின்படி சிட்னியில் 1,259 பேரும் இங்கு 1,628 பேரும் இருந்தனர். சிட்னியிலும் பெரிய ஊராகப் பரமட்டா விளங்கிய காலம் அது. கைதியாக வந்து விடுதலை பெற்ற ஜேம்ஸ் ரூஸ் 30 ஏக்கர் நிலத்தில் உழுது, குடியேற்றத்தின் முதல் நிலக்கொடையைப் பெற்றதும் இங்குத்தான்.

பெயரை ஏற்ற அரசு, பெயருக்குரியோரை எவ்வாறு நடத்தியது என்பதே இங்கு எழும் வினா. 1789-இல் பரவிய பெரியம்மை சிட்னியைச் சூழ்ந்த தொல்குடியினருள் பெரும்பகுதியினரை அழித்திருந்தது. எஞ்சியோருள் மௌகோரன் என்னும் முதியவர், ரோஸ் ஹில்லில் வெள்ளையர் இவ்வளவு பேர் குடியேறியது தம் மக்களுக்குச் சினமூட்டுவதாக 1790-இல் ஆளுநரிடம் தெரிவித்தார். ஆளுநர் அளித்த மறுமொழி, அங்கிருந்த படையை வலுப்படுத்தியதுதான்.

மௌகோரனின் மகன் பலூடெரி வேறொரு வழியை நாடினார். ஆற்றில் மீன் பிடித்து, அதனைப் பரமட்டாவுக்குக் கொணர்ந்து, அரிசிக்கும் ரொட்டிக்கும் காய்கறிக்கும் பண்டமாற்றுச் செய்தார். பசியில் வாடிய குடியேற்றத்திற்கு இது பேருதவி. தொல்குடியினர் தம் ஆற்றின் மீது தமக்கிருந்த உரிமையை விட்டுக்கொடாமலே வந்தேறியரோடு வாழ்வதற்கான வாய்ப்பும் இதில் இருந்தது. 1791-இல் கைதிகள் சிலர் அவருடைய மரப்பட்டைத் தோணியை அழித்தனர். அவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஆயினும் தம் குலமுறைப்படி பழிதீர்க்க வேண்டும் என்று கருதிய பலூடெரி, வழியில் கண்ட ஒரு கைதியை ஈட்டியால் தாக்கினார். ஆளுநர் அவரைக் குற்றவாளியாக அறிவித்தார். மீன் வாணிகமும் முறிந்தது. அவ்வாண்டு திசம்பரில் நோயுற்று இறந்த பலூடெரி, சிட்னியில் ஆளுநரின் தோட்டத்தில், தோணியில் வைத்தே அடக்கம் செய்யப்பட்டார். ஊருக்குத் தொல்குடிப் பெயர் சூட்டப்பட்டதும் தொல்குடியாரின் தோணி உடைக்கப்பட்டதும் ஏறக்குறைய ஒரே பொழுதில் நிகழ்ந்தன என்பது நோக்கத்தக்கது.

பின்னர் நிகழ்ந்தது போர். 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்னும் பிட்ஜிகல் வீரர் ஏறத்தாழ நூறு பேருடன் பரமட்டாவுக்குள் புகுந்து பொருதார். ஏழு குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்துத் தப்பினார். 1802-இல் அவர் கொல்லப்பட்டார்.

ஆற்றுவழியும் துணியும்

குடியேற்றத்தில் கட்டப்பெற்ற முதற்கலம் 1789-இல் சிட்னிக்கும் இவ்வூருக்கும் இடையே உணவுப்பொருள் ஏற்றிச்செல்ல அமைந்த ‘ரோஸ் ஹில் பாக்கெட்’ ஆகும். அதன் தோற்றத்தைக் கண்டோர் ‘கட்டி’ என்னும் பொருள்பட அதனை எள்ளி அழைத்தனர். 1831-இல் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. டேவிட் லெனக்ஸ் அமைத்த ஒற்றை வளைவுக் கற்பாலம் 1839-இல் நிறைவுற்றது. அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஆற்றங்கரையில் 1821-இல் திறக்கப்பட்ட பெண் கைதிகளின் தொழிற்சாலை தனிக்கவனத்துக்குரியது. கைதியாக வந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே அதனை வடிவமைத்தார். அங்குப் பெண்கள் நெய்த முரட்டுக் கம்பளித்துணி ‘பரமட்டாத் துணி’ எனப்பட்டது. பின்னர் இங்கிலாந்தில் நெய்யப்பட்ட ஒரு மென்துணிக்கும் இப்பெயர் வழங்கியது. விலாங்கின் இருப்பிடத்தைச் சுட்டிய தொல்குடிச் சொல், கைதிகளின் உழைப்பு வழியாக ஆங்கில அகராதிக்குள் துணிப்பெயராகப் புகுந்த இச்செய்தி சொல்லாய்வாளருக்கு வியப்பளிக்கும். 1827-இல் உணவுக் குறைப்பை எதிர்த்து இத்தொழிற்சாலைப் பெண்கள் கிளர்ந்தெழுந்ததும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

காடழிப்பும் உழவும் மண்ணை ஆற்றில் சேர்த்தன. ஆறு தூர்ந்தது. 1855-இல் சிட்னியிலிருந்து இருப்புப்பாதை வந்தமையால் நீர்வழியின் முதன்மை குறைந்தது. நீராவிக் கப்பல்கள் ஊர்வரை வர இயலாமற்போகவே, கீழேயுள்ள ரெட்பேங்க் துறையிலிருந்து ஊருக்கு 1883-இல் டிராம் பாதை இடப்பட்டது. அது 1943 வரை இயங்கியது. குடிநீருக்கும் ஆற்றை நம்ப முடியவில்லை. அதன் கிளையோடையாகிய ஹன்ட்ஸ் கிரீக்கில் 1856-இல் வளைவு அணை ஒன்று கட்டப்பட்டது. 1938-இல் பரமட்டா நகரத் தகுதி பெற்றது.

இன்றைய ஆறு

1993 முதல் ஆழங்குறைந்த நீரில் செல்லவல்ல இரட்டையுடல் படகுகள் சிட்னியிலிருந்து பரமட்டாவுக்கு வருகின்றன. கடல் வற்றிய நேரத்தில் அவை ரைடல்மியரோடு நின்றுவிடுவதுண்டு. பழைய ஆளுநர் மாளிகையும் அதனைச் சூழ்ந்த நிலமும் 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அருகிலுள்ள வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், துங்காபி முதலிய இடங்களில் தமிழர் பலர் வாழ்கின்றனர். மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் உள்ளது. துங்காபியும் தொல்குடிப் பெயரே. நம்மவர் அன்றாடம் உச்சரிக்கும் இப்பெயர்களின் வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும்.

உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடையிலான எல்லையைச் சார்லஸ் தெருவின் தடுப்பணை இன்று செயற்கையாக வகுத்துள்ளது. ஈரக்கல்லில் ஊர்ந்தேறவல்ல விலாங்குக் குஞ்சுகள் இன்றும் மேலே செல்கின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதி வேறு வகையில் மாறிவிட்டது. ரோட்ஸ், ஹோம்புஷ் விரிகுடாப் பகுதிகளில் இயங்கிய வேதித் தொழிற்சாலைகளின் டையாக்சின் நஞ்சு ஆற்றுப்படிவில் தங்கியுள்ளது. அதனால் 2006-இல் சிட்னித் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்திற்கு மேற்கே பிடிக்கும் மீனை, பலூடெரி தோணியில் ஏற்றிவந்து பரமட்டா மக்களுக்கு ஊட்டிய அதே ஆற்றின் மீனை, எவரும் உண்ணலாகாது என்பது அரசின் இன்றைய அறிவுரை.