பாட்டியின் திரையில் ஒரு வெறும் கோப்புறை

என் பழைய மடிக்கணினியைப் பாட்டியிடம் கொடுத்தபோது அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, திரையில் 'படங்கள்', 'பாடல்கள்' என்று இரண்டு கோப்புறைகளை வைத்தேன். ஒன்றின் மேல் புகைப்படச் சின்னம், மற்றொன்றின் மேல் இசைக்குறி. பாட்டி கீழே இருக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை; சின்னத்தைப் பார்த்துத்தான் அழுத்துவார். சில வாரங்கள் கழித்து, அழகாக இருக்கிறதே என்று புதிய தீம் ஒன்றைப் போட்டுவிட்டேன். மறுநாளே, "பாட்டு இருந்த பெட்டி எங்கப்பா?" என்று தொலைபேசியில் கேட்டார். போய்ப் பார்த்தால் புகைப்படச் சின்னம் சரியாக இருந்தது. பாடல் கோப்புறை மட்டும் எந்தக் குறியும் இல்லாமல் வெறுமனே நின்றது.

அந்தத் தீமில் இசைக்குறி இல்லாமலில்லை. வேறு பெயரில் இருந்தது.

நம் தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் சந்தை இப்போதைய கட்டடத்திற்கு வந்தபோது, அதே சீனப் பெயரை மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ் சென்டர்' என்று வைத்தார்கள். மக்கள் வாயில் தேக்காதான் நின்றது. 2000இல் அந்தப் பெயரே திரும்பியது. இடையில் யாரும் சந்தைக்கு வழி தவறவில்லை, ஏனென்றால் எந்தப் பெயர் எந்த இடம் என்று மனிதர்களுக்குத் தெரியும். கணினிக்கு அந்த விவேகம் கிடையாது. 'ஃபோல்டர்-மியூசிக்' என்ற பெயரைத் தேடச் சொன்னால் அந்தப் பெயரை மட்டுமே தேடும். 'ஃபோல்டர்-சவுண்ட்' என்ற பெயரில் அதே படம் பக்கத்திலேயே இருந்தாலும் கண்டுகொள்ளாது. கடைசிச் சிறுகோட்டுக்குப் பிறகுள்ளதை வெட்டிவிட்டு 'ஃபோல்டர்' என்று தேடும். பாட்டி கண்ட வெறும் கோப்புறை அப்படி வந்ததுதான்.

எதுவுமே கிடைக்காவிட்டால் அந்தத் தீம் தன் தாய்த் தீமாகக் குறிப்பிட்டிருப்பதில் தேடும். முடிவில் 'ஹைகலர்' என்ற பொதுத் தீமுக்குப் போகும். ஒரே திரையில் நான்கு பாணிச் சின்னங்கள் கலந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். பயனரின் வீட்டுக் கோப்புறைக்கு க்னோம் ஒரு பெயரும் கேடிஇ வேறொரு பெயரும் வைத்திருந்தன. 2005இல் தொடங்கிய டாங்கோ திட்டம் இவற்றைப் பொதுவான பெயர்ப் பட்டியலுக்குள் கொண்டுவர முயன்றது. இன்று அந்த வீட்டுக்கு 'யூசர்-ஹோம்' என்றே பெயர். ஆனால் பட்டியலைப் பார்க்காமல் தீம் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரிசெய்ய ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. இருக்கும் படத்திற்கு, தேடப்படும் பெயரில் ஓர் இணைப்புக் கோப்பு போட்டால் போதும். 16, 22, 48 என்று ஒவ்வோர் அளவுக்கும் தனி உள்கோப்புறை உண்டு. எல்லாவற்றிலும் போட வேண்டும். நான் 48இல் மட்டும் போட்டேன். திரையில் இசைக்குறி வந்தது, பக்கப்பட்டியில் வரவில்லை. பிறகு எல்லா அளவுகளிலும் போட்டும் பழைய படமே தெரிந்தது. அரை மணி நேரம் என்னையே சந்தேகித்த பிறகுதான் 'கேச்' எனும் சேமிப்புக் கோப்பு நினைவுக்கு வந்தது. தீமின் உள்கோப்புறையில் செய்யும் மாற்றத்தை அது தானாக உணராது. 'ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேச்' என்ற கட்டளையால் புதுப்பிக்க வேண்டும்.

இணைப்புக்கும் மசியாத சின்னங்களும் உண்டு. சில மென்பொருள்கள் சின்னத்தின் பெயரைத் தராமல், படக்கோப்பு இருக்கும் முழு முகவரியையே எழுதிவைக்கின்றன. எந்தத் தீம் போட்டாலும் அவை மாறா. பாட்டியின் காணொளி அழைப்பு மென்பொருள் அப்படிப்பட்டது. அதை நான் திருத்தவில்லை. பாட்டிக்கு அது பழகிவிட்டது.