மாயச் சீட்டு: மேஜை நண்பர்களுடையது, கல்லா கம்பெனியுடையது

நண்பர்கள் நேரம்போக்கத் தொடங்கிய ஓர் அமெரிக்கச் சீட்டாட்டம் 100 கோடி டாலர் வியாபாரமாகிவிட்டது. பணம் ஆட்டத்தைக் கெடுக்கும் போதெல்லாம், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் ஒரு விதி செய்து அதை மீட்டிருக்கிறார்கள்.

இரவு 10 மணி வாக்கில் ஆட்டம் தொடங்கியது. இடம், ஃபிலடெல்ஃபியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழக வானியல் துறையின் ஓய்வறை. குளிர்சாதன வசதி கொண்ட, ஜன்னலே இல்லாத அறை. ஆடியவர்கள் இருவர்: கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் கார்ஃபீல்டும் அவருடைய நண்பரும். கையிலிருந்தவை கடையில் வாங்கிய சீட்டுகள் அல்ல. கார்ஃபீல்டே தயாரித்த 120 சீட்டுகள். ஒரு ஆட்டம் முடிந்ததும் மறு ஆட்டம். மணி மூன்று இருக்கும் என்று நினைத்து எழுந்து வெளியே வந்தவர்களுக்கு அதிர்ச்சி. சூரியன் உதித்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த இந்தச் சம்பவத்தை கார்ஃபீல்டே பின்னர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். இருவரின் தூக்கத்தைப் பறித்த அந்த ஆட்டம் 1993 ஆகஸ்டில் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் இன்று அதை ஆடுகிறார்கள். பாக்கெட் பிரித்துச் சேர்த்து, மாற்றிக்கொண்டு, மோதும் விளையாட்டுச் சீட்டுகள் என்ற தொழிலே அதிலிருந்துதான் பிறந்தது. போக்கிமான் சீட்டு உள்பட எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

கார்ஃபீல்ட் சிறுவயதில் வங்கதேசத்திலும் நேபாளத்திலும் சில காலம் வாழ்ந்தவர். 1991-ல் அவர் கையில் வேறொரு விளையாட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சியாட்டில் அருகே ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற சின்னக் கம்பெனியை நடத்திவந்த பீட்டர் அட்கிசனைப் பார்க்கப் போனார். அட்கிசன் போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே கம்பெனி நடத்தியவர். கார்ஃபீல்டின் விளையாட்டைத் தயாரிக்கச் செலவு அதிகம் என்று கையை விரித்துவிட்டார். எங்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, சீக்கிரம் முடிகிற, அதிகச் சாமான் தேவைப்படாத ஆட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டார். விடை கார்ஃபீல்டுக்கு ஆரிகன் மாநிலத்து மல்ட்னோமா அருவிக்கரையில் உதித்தது: எல்லோரும் ஒரே கட்டை வைத்து ஆடுவானேன்? ஆளுக்கொரு கட்டு இருந்தால் என்ன?

சீட்டாட்டத்தின் அடிப்படையையே மாற்றிய கேள்வி இது. ரம்மியில் 52 சீட்டும் எல்லோருக்கும் பொது. யாருக்கு எது வரும் என்பது அதிர்ஷ்டம். மேஜிக்கில் ஆளுக்கொரு கட்டு. அதில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஆடுபவரே. ஆடும் இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள், கையில் ஏழு சீட்டுகள். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என ஐந்து வகை நிலச் சீட்டுகள் சக்தி தரும். அந்தச் சக்தியைச் செலவழித்து அரக்கன், தேவதை, டிராகன் என்று படை திரட்டலாம், மந்திரம் ஏவலாம். எதிராளியின் புள்ளி பூஜ்யமானால் வெற்றி. விதிகள் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஏதோ ஒரு விதியை மீற அனுமதி தருகிறது. சுவாரசியம், சண்டை இரண்டுக்கும் அதுதான் காரணம்.

அளவோடு வாங்குவார்கள் என்ற நம்பிக்கை

கார்ஃபீல்ட் தன் நண்பர் வட்டத்திலேயே ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்தார். எந்தெந்தச் சீட்டுகள் இருக்கின்றன என்ற பட்டியல் யாருக்கும் தெரியாது. நண்பன் ஒரு சீட்டைக் கீழே போடும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். ஆடுவதற்கு ஈடாகப் பண்டமாற்றும் நடந்தது. ஒருவருக்கு உதவாத சீட்டு இன்னொருவருக்கு உயிர்.

வலுவான சீட்டுகள் ஆட்டத்தைக் கெடுத்துவிடாதா? அதற்கும் கார்ஃபீல்ட் கணக்குப் போட்டிருந்தார். வழக்கமாக ஒரு விளையாட்டுக்கு ஆகும் செலவைத்தான் மக்கள் இதற்கும் செய்வார்கள் என்று நினைத்தார். ஒரு நட்பு வட்டத்தில் அபூர்வச் சீட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் சொந்தக்காரரை மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து சமாளித்துக்கொள்வார்கள். ஒரே சீட்டை எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று முதல் விதிப் புத்தகம் கட்டுப்பாடு எதுவும் விதிக்கவில்லை. கூடவே பந்தயமும் இருந்தது: ஆளுக்கொரு சீட்டை எடுத்து வைக்க வேண்டும், ஜெயித்தவர் இரண்டையும் கொண்டுபோகலாம். இதனால் வலுவான சீட்டு ஒரே கையில் தங்காமல் வட்டத்துக்குள் சுற்றிவரும் என்பது எதிர்பார்ப்பு.

கணிதப் பேராசிரியரின் கணக்கு பொய்த்தது. பெல்ஜியத்தில் அச்சான முதல் பதிப்பு, சுமார் 26 லட்சம் சீட்டுகள், வந்த வேகத்தில் காலியானது. ஒரு பாக்கெட் வாங்கியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். 15 சீட்டு கொண்ட பாக்கெட்டில் அபூர்வச் சீட்டு ஒன்றுதான். காசுள்ளவர் அதையே நான்கு, ஐந்து, பத்து என்று சேர்த்தார். கையில் ஒற்றைப் பாக்கெட்டோடு வந்த நண்பர் நான்காவது சுற்றைப் பார்க்காமலே தோற்றார். பந்தயமும் எடுபடவில்லை. தோற்பது பரவாயில்லை, சீட்டையும் பறிகொடுப்பதா? வீட்டு ஆட்டங்களில் அது தானாகவே மறைந்தது. பந்தயம் சார்ந்த சீட்டுகளை அச்சிடுவதைக் கம்பெனியும் 1995-க்குப் பிறகு நிறுத்திவிட்டது. ஒரு கட்டில் ஒரே சீட்டு நான்குக்கு மேல் கூடாது என்ற போட்டி விதி பிறகு வந்து நிலைத்தது.

கருந்தாமரையின் விலை

பணம் ஆட்டத்துக்குள் எப்படிப் புகுந்தது என்பதற்கு ஒரு சீட்டு போதும்: ‘பிளாக் லோட்டஸ்’, அதாவது கருந்தாமரை. காசில்லாமல் களத்தில் இறக்கலாம், உடனே மூன்று பங்கு சக்தி தரும். முதல் பதிப்பில் அச்சானது சுமார் 1,100 மட்டுமே. 2021 ஜனவரியில் புத்தம்புது நிலையிலிருந்த ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. அதன் ஓவியர் கிறிஸ்டோபர் ரஷ் 2016-லேயே காலமாகிவிட்டார்.

பற்றாக்குறை தற்செயலாக நீடிக்கவில்லை. 1995-ல் பழைய சீட்டுகள் பலவற்றை கம்பெனி மறுபதிப்புச் செய்தது. புதிதாக வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். சேர்த்து வைத்திருந்தவர்களோ தங்கள் சொத்தின் மதிப்பு சரிந்ததாகக் கொதித்தார்கள். 1996-ல் கம்பெனி ஒரு பட்டியல் வெளியிட்டு, அதிலுள்ள சீட்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு இன்றும் நீடிக்கிறது. ஆடுபவருக்கும் சேர்ப்பவருக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு சேர்ப்பவர் பக்கம்.

1999-ல் விஸார்ட்ஸை பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் மேஜிக்கின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு, 30-ஆவது பிறந்தநாளை ஒட்டி கருந்தாமரை உள்ளிட்ட பழைய சீட்டுகளின் நினைவுப் பதிப்பு வந்தது. நான்கு பாக்கெட், 60 சீட்டு, விலை 999 டாலர். அதிலும் எந்தச் சீட்டு கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அதிகாரபூர்வப் போட்டிகளில் செல்லாது. செல்லாத சீட்டுக்கு ஆயிரம் டாலரா என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். வீட்டுப் பிரிண்டரில் நகலெடுத்து ஆடினால் என்ன தப்பு என்ற வாதம் அதன் பிறகு வலுத்தது.

மேஜை விதி

பணத்தோடு மல்லுக்கட்டாமல் நண்பர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாக்கெட் பிரித்து, ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளுவது. பழைய சேமிப்புக்கு இங்கே வேலையில்லை. இன்னொன்று, நட்பு வட்டத்துக்கென்று சில நூறு சீட்டுகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு, அதிலிருந்தே ஒவ்வொரு முறையும் பிரித்து ஆடுவது. ஆட்டம் முடிந்தால் எல்லாம் மீண்டும் பெட்டிக்குள்.

மூன்றாவதுதான் பெரும் புரட்சி செய்தது. அலாஸ்காவில் ஒரு நண்பர் குழு வைத்திருந்த வீட்டு விதி அது. 100 சீட்டுக் கட்டு. அடிப்படை நிலம் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. 40 உயிர்ப் புள்ளி. பொதுவாக நால்வர் ஆட்டம். கட்டுக்குத் தலைமை தாங்க ஒரு புராண நாயகன். விமானப் படையில் இருந்தபோது அங்கே பணியாற்றிய ஷெல்டன் மெனரி இதைக் கற்றுக்கொண்டு, போட்டிகளுக்கு நடுவராகப் போன இடமெல்லாம் பரப்பினார். 2011-ல் கம்பெனியே ‘கமாண்டர்’ என்ற பெயரில் இதற்குத் தயார் கட்டுகளை விற்கத் தொடங்கியது. இன்று மேஜிக்கில் அதிகம் பேர் ஆடும் முறை இதுதான்.

காரணம் எளிது. நால்வர் ஆடும்போது வலுத்தவனை மற்ற மூவரும் சேர்ந்து அடக்கலாம். “இந்தச் சுற்று என்னை விடு, அடுத்த சுற்று உன்னைத் தொடமாட்டேன்” என்று பேரம் பேசலாம், வாக்கு மாறலாம், கோபித்துக்கொள்ளலாம். கார்ஃபீல்ட் முதலில் கற்பனை செய்த நட்பு வட்டம் இதுவே. சீட்டைக் கலைப்பதற்கு முன்பே, எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும், எந்தச் சீட்டு வேண்டாம் என்று பேசி முடிவு செய்துகொள்வார்கள். ‘பூஜ்ய விதி’ என்று அதற்குப் பெயர்.

இதன் விதிகளைக் கவனித்துவந்தது கம்பெனி அல்ல, மெனரி உள்ளிட்ட தன்னார்வலர் குழு. மெனரி 2023 செப்டம்பரில் மறைந்தார். ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 23-ல், பெரும்பாலும் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகின்றன என்று சொல்லி நான்கு சீட்டுகளுக்கு அந்தக் குழு தடை விதித்தது. அவற்றில் சில நல்ல விலை போனவை. தடை வந்ததும் விலை சரிந்தது. நஷ்டப்பட்டவர்களின் கோபம் குழுவினர் மீது திரும்பியது. வசை மட்டுமல்ல, மிரட்டல்களும் வந்தன. ஒரே வாரத்தில், செப்டம்பர் 30-ல், பொறுப்பு கம்பெனியின் கைக்குப் போனது. நட்புக்காக உண்டாக்கிய விதியை நண்பர்களே காப்பாற்ற முடியாமல் போனது.

பிரச்சினை முடிந்துவிட்டதா? 2025 பிப்ரவரியில் கம்பெனி கட்டுகளை வலுவுக்கேற்ப ஐந்து படிகளாகப் பிரித்து ஒரு திட்டத்தைச் சோதனைக்கு விட்டது. ஆனால் கட்டு எந்தப் படியைச் சேர்ந்தது என்பதை அதன் சொந்தக்காரர்தான் உண்மையாகச் சொல்ல வேண்டும். அதைப் போய்ச் சரிபார்க்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஆக, உயர்த்தி வைத்த சீட்டு எத்தனை ஆயிரம் டாலர் ஆனாலும் ஆட்டம் தொடங்குவது பழைய கேள்வியில்தான்: “இன்றைக்கு எப்படி ஆடலாம்?” எதிரே உட்கார்ந்திருப்பவரின் பதிலை நம்பித்தான் சீட்டைக் கலைக்க வேண்டியிருக்கிறது.