கெளுத்திக்கு எவ்வளவு புரதம் தேவை?

மலேசியாவில் குளங்களிலும் தொட்டிகளிலும் பரவலாக வளர்க்கப்படும் நன்னீர் மீன்களுள் கெளுத்தியும் ஒன்று. வளர்ப்போரின் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்திற்கே போய்விடுகிறது. தீவனத்தின் விலையைப் பெரிதும் முடிவு செய்வது அதிலுள்ள புரதத்தின் அளவாகும்.

புரதம் தசையை வளர்க்கும் சத்து. விரைவாக வளரும் கெளுத்திக் குஞ்சுகளுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கும் மேற்பட்ட புரதம் கொண்ட தீவனம் தேவை. மீன் பெரிதாகும்போது 30 விழுக்காட்டை ஒட்டிய அளவே போதுமானது. இறைச்சிக் கோழியின் தீவனத்திலோ ஏறத்தாழ 20 விழுக்காடுதான் இருக்கும். ஏன் இந்த வேறுபாடு? கோழி தன் உடலைச் சூடாக வைத்திருக்க நிறைய ஆற்றலைச் செலவிடுகிறது. அதற்கு மாவுச்சத்து வேண்டும். மீனுக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே, அது குறைவாகவே உண்கிறது. உண்ணும் சிறிதளவில் புரதத்தின் பங்கு கூடுதலாக இருக்க வேண்டியுள்ளது.

அப்படியானால், புரதத்தை அள்ளிக் கொடுத்தால் மீன் இன்னும் வேகமாக வளருமா? வளராது. உடல் பயன்படுத்த முடியாத புரதம் சிதைக்கப்பட்டு ஆற்றலாக எரிகிறது. அதிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாக மாறி, செவுள் வழியாக நீரில் கலக்கிறது. வாங்கிய புரதத்தின் ஒரு பகுதி இவ்வாறு குளத்தையே நஞ்சாக்குகிறது. கெளுத்தி நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. அதனால், மற்ற மீன்கள் மடிந்துவிடும் நீரிலும் அது தாக்குப்பிடிக்கும். வளர்ப்பவருக்கோ இதுவே ஏமாற்றம் தருவது. மீன் இரை எடுக்காமல் ஒதுங்கும்போதுதான் நீர் கெட்டிருப்பது தெரியவரும்.

புரதம் குறைந்தாலும் தொல்லைதான். வளர்ச்சி தடைப்படும்; மாவும் எண்ணெயும் மிகுந்தால் வயிற்றில் கொழுப்பு சேரும்.

தீவனப் பையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புவதும் சரியன்று. கோழி இறகில் புரதம் 80 விழுக்காட்டிற்கும் மேல் உண்டு. ஆனால், பதப்படுத்தாத இறகை மீனால் செரிக்க இயலாது. மீன்தூளிலுள்ள புரதம் எளிதில் செரிக்கும். ஆயினும், விலை அதிகம். சோயாப் புண்ணாக்கு மலிவானது என்பதால், தீவன ஆலைகள் இரண்டையும் கலக்கின்றன.

அனுபவமுள்ள வளர்ப்பாளர் மிதக்கும் தீவனத்தைச் சிறிது சிறிதாகத் தூவுகிறார். மீன்கள் மேலே பாய்ந்து கவ்வும் வரை தூவுவார். உருண்டைகள் நீரில் மிதந்தபடி எஞ்சத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்.