பழனிக்குத் துணையாக ஒருவர் எழுந்திருந்தால்...

மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்துவிட்டது. கொல்ல வேண்டியவர் அவளைப் பெற்ற தகப்பன் பழனி. மகள் பாக்கியம் செய்த குற்றம், தலித் இளைஞர் ஒருவரைக் காதலித்தது. ஆதிக்க சாதியில் பிறந்த பழனி, ஊரார் முன் சரி என்று தலையாட்டுகிறார். இரவில் பணத்தையும் நகையையும் மகள் கையில் கொடுத்து, அவள் விரும்பியவனிடமே அனுப்பி வைக்கிறார். பிறகு தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார்.

இது இமையம் எழுதிய 'பெத்தவன்' நெடுங்கதை. 2012 செப்டம்பரில் வெளியானது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு, தீ வைக்கப்பட்டன. அங்கும் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம்தான். கதை என்று நாம் படித்தது, இரண்டே மாதத்தில் செய்தியாக வந்தது.

இன்னொருவர் ஓசேப்பு. டி.செல்வராஜின் 'தோல்' நாவலில் வருபவர். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்த தலித் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நாவல், 2012ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் உலகம் அது. பெண் தொழிலாளி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையைப் பொறுக்காமல், முதலாளி தரப்பு ஆள் மீதே ஓசேப்பு கை வைக்கிறார். வேலை மட்டுமல்ல, உயிரே போகலாம் என்று தெரிந்துதான் அதைச் செய்கிறார்.

இருவருமே துணிந்தவர்கள். ஆனால் ஓசேப்புக்குப் பின்னால் தொழிலாளர்கள் திரண்டார்கள், சங்கம் வந்தது. பழனிக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. அவருடைய சாவை நாம் புகழவில்லை. மகளை வாழ அனுப்பிய அந்த முடிவைத்தான் வணங்குகிறோம். அந்தக் கூட்டத்தில் இன்னும் நாலு பேர் எழுந்து 'இது தப்பு' என்று சொல்லியிருந்தால், அவர் சாக வேண்டியிருந்திருக்காது.

இன்று சட்டம் துணைக்கு இருக்கிறது. வயது வந்த இருவர் மனமொத்துச் செய்யும் திருமணத்தில் ஊர்க்கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிரட்டப்படும் இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண் ஆகியவற்றை ஏற்படுத்தவும் உத்தரவிட்டது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசும் வேலையைத் தீர்ப்பு செய்யாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பெத்தவன்' சிறிய புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் வீட்டில் அப்பாவிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டுங்கள்.